கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பஞ்சர் கடை

என் சித்தி மகன், எனக்குத் தம்பி முறை. பெரிய ரோட்டோரம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவன். பக்கத்துக் கடை அவன் மச்சானுடையது, பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். காருக்கு சீட் கவர் தைக்கிறவர். இரண்டு கடைக்கும் சுவர் ஒன்று, மனசுதான் ஒட்டவேயில்லை.

பஸ்ஸும் காரும் சைக்கிளும் முட்டிக்கொண்டு போகிற ரோடு அது. தையல் கம்பெனிக்குச் சைக்கிளில் போன தம்பி பெண்டாட்டியை ஒரு பஸ் ஓரங்கட்டியதில் முழங்கால் போயிற்று. அதிலிருந்து, சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டுமென்று தம்பி ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

ஒருவழியாகப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். பஸ்ஸுக்குத் தனி வழி, ஓரத்தில் சைக்கிள் பாதை, பாதைக்கும் கடைகளுக்கும் நடுவே இடுப்பளவு கம்பித் தடுப்பு என்று இன்ஜினியர் படம் போட்டுக் காட்டினார்.

மச்சான் எழுந்தார். "கடைக்கு முன்னாடி திறப்பு விடுங்க சார். கார் உள்ள வரணும்ல."

அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், தம்பிக்குச் சுருக்கென்றது. "திறப்பு விட்டா சைக்கிளுக்குக் குறுக்கதான் கார் ஏறும். எவனுக்கும் விடாதீங்க சார். முழுசா அடைங்க."

"உங்க கடையையும் சேர்த்தா?" என்றார் இன்ஜினியர்.

"எனக்கென்ன தனிச் சட்டமா?"

ஹாலே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் அவனுக்குக் கண் தெரியவில்லை.

ரோடு நன்றாகத்தான் அமைந்தது. பஸ் நேரத்துக்கு வந்தது. சைக்கிள் முன்னைவிடப் பெருகிப்போயிற்று, ஆனால் அத்தனையும் கம்பிக்கு அந்தப் பக்கம். பஞ்சரானவன் முக்குவரை தள்ளிப்போய்ச் சுற்றி வரவேண்டும். முக்கிலேயே வேறொருவன் கடை போட்டுவிட்டான். தம்பி கம்பிக்கு மேலாகச் சைக்கிளைத் தூக்கி வாங்கிப் பார்த்தான். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மச்சானே இறங்கி வந்தார். "மாப்ளே, சேர்ந்து போய்க் கேப்போம். அடைக்கச் சொன்னவர் நீங்க. தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா திறந்து விட்டுருவாங்க."

"நான் தெரியாம சொல்லல."

"சரி, தெரிஞ்சே சொன்னேன்னு சொல்லுங்க. கூட வந்தாப் போதும்."

போகவில்லை. அன்று அவன் பெண்டாட்டி சொன்னாள்: "என் காலை ஒடைச்ச பஸ்காரனே வீடு தேடி வந்து மன்னிப்பு கேட்டான். உங்களுக்கு வாயில என்ன கட்டியா?"

மச்சான் தனியாகப் போய்ப் பார்த்தார், நடக்கவில்லை. பின்சுவரை இடித்துப் பின்தெருப் பக்கம் வாசல் வைத்துக்கொண்டார். தம்பி கடைக்குப் பின்னால் அடுத்தவர் வீட்டுச் சுவர். ஷட்டரை இறக்கினான். வேறு போக்கில்லாமல் மச்சானிடமே வேலைக்குச் சேர்ந்தான், பழைய சீட்டைப் பிரிக்கிற வேலை.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். தரையில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தான். "முன்வாசல் ஏன் இப்படி அடைஞ்சு கெடக்கு?" என்று காரோடு வந்த ஒருவர் கேட்டார்.

"இவரைக் கேளுங்க," என்றார் மச்சான். "ரோடு போட்டவரே இவர்தான்."

தம்பி அடுத்த தையலைப் பிரித்தான். நான் மெதுவாக, "அன்னிக்கே கூடப் போயிருக்கலாமேடா" என்றேன்.

"போயிருந்தா மட்டும் இவன் பேச்சு நிக்குமாக்கா?"

"மாப்ளே," என்று குரல் வந்தது. "அக்காகிட்ட அப்புறம் பேசலாம். அடுத்த கார் நிக்குது."

முழங்காலைப் பிடித்து எழுந்து போனான்.