நாற்பது மைலுக்கு மேல் சுப்பையா அண்ணாச்சி

செவ்வாய்க்கிழமை முதல் வகுப்புக்குக் கிளம்பும்போது தபாலட்டை வந்தது. தென்காசியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் மைதீன் பாய் எழுதியிருந்தார். சுப்பையா அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை காலமாகிவிட்டார், உனக்கும் தெரிவிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். வகுப்பில் கரும்பலகையில் எழுதியதை இரண்டு முறை அழித்து எழுதினேன். அன்று முழுவதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

தென்காசியில் எங்கள் டாக்டரின் ஆஸ்பத்திரிக் காரை ஓட்டியவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். ஆசிரியை ஆவதற்கு முன் அங்கே நான் எழுத்தராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. "ஏட்டி தாயி, பி.எஸ்ஸி. படிச்ச வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? சாவி ஆர்ட்ட இருக்கு, டாக்டரய்யாட்டயா?" என்பார் அண்ணாச்சி.

ஓர் ஆயுத பூசை வாரத்தில் கார் மைதீன் பாய் பட்டறையில் கிடந்தது. பிரேக், புது டயர்கள், பின் சக்கரங்களைச் சுழற்றும் நீளமான ஷாப்டுக்குப் புது மூட்டு என்று வேலை நிறைய. பூசை முடிந்து வண்டி திரும்பி வந்த மூன்றாம் நாள், வடகரையிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருத்தியைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நர்ஸ் இல்லாததால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். பாவூர்ச்சத்திரம் தாண்டி வேகம் காட்டும் முள் நாற்பது மைலைத் தொட்டதும் வண்டி நடுங்கத் தொடங்கியது. அந்தப் பெண் வலியோடு பயமும் சேர்ந்து கத்தினாள். அண்ணாச்சி வேகத்தைக் குறைத்தார், நடுக்கம் நின்றது. கூட்டினார், மறுபடி நடுங்கியது. முப்பத்தைந்திலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மறுநாள் அவள் கணவன் டாக்டரிடம் வந்து, "டிரைவருக்குக் கை நடுங்குது சார், வண்டிய ஓட்டவே பயப்படுதாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். டாக்டருக்கு வீடு குற்றாலத்தில். தினமும் தென்காசியிலிருந்து அவர் போய்வரும் அந்த மூன்று மைலில் குளிக்க வருபவர்களும் குரங்குகளும் குறுக்கே வருவதால் இதே கார் இருபத்தைந்துக்கு மேல் போனதே இல்லை. அவருக்கு அது வெண்ணெய் போல ஓடியது.

எல்லாரும் நிற்கும்போது என்னிடம் கேட்டார். "நீதானே கூடப் போனே? வண்டி ஆடுச்சா?"

"கவனிக்கலை சார்" என்றேன்.

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். மாதக் கடைசியில் செங்கோட்டையிலிருந்து வண்டி ஓட்ட ஒரு வாலிபன் வருவான், அதற்குப் பிறகு நீ கேட்டில் காவலுக்கு உட்கார்ந்துகொள் என்று டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த பத்து நாள் அவர் நிலைகொள்ளவில்லை. வராந்தாவில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நிற்பார். ஒரு சொட்டும் சிந்தாது. நம்பாமல் மறு கைக்கு மாற்றுவார். மைதீன் பாய் முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் பார்த்தார். நடுக்கம் போகவில்லை. பட்டறையில் இருந்தவர்களே, "அண்ணாச்சி, சக்கரத்துக்குப் பதிலா ஒம்ம கைய மாத்திப் பாக்கணும் போல" என்று சிரித்தார்கள்.

பிறகொரு மதியம் என் மேசை முன் வந்து நின்றார். "தாயி, உள்ளதைச் சொல்லு. வண்டி ஆடுச்சா, என் கை ஆடுச்சா?"

"வண்டிதான் அண்ணாச்சி."

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "எங்கன ஆடுச்சு?"

"காலுக்குக் கீழ. நடுவுல மேடா இருக்குல்லா, அங்கன."

"முன் சக்கரம்னா ஸ்டியரிங்குல்லா ஆடணும்! எனக்குக் கையில ஒண்ணும் தெரியல தாயி. இருக்கைலதான் தெரிஞ்சுது." அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நேராக டாக்டரிடம் போய், "ஒரு தடவை ஆலங்குளம் வரைக்கும் வாங்கய்யா. அதுக்கப்புறம் கேட்டுல உக்காரச் சொன்னா உக்காருதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். டாக்டர் முன்னால், மைதீன் பாயும் நானும் பின்னால். மருந்து பாதி நிறைந்த புட்டி ஒன்றைக் கொண்டுபோய் அந்த மேட்டின் மேல் நிறுத்தினேன். நாற்பதில் மருந்தின் மேல் சிற்றலைகள் எழுந்தன. நாற்பத்தைந்தில் புட்டியே நகர்ந்தது. டாக்டர் கை நீட்டி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. அண்ணாச்சி கியரை நியூட்ரலில் தள்ளினார். என்ஜின் அடங்கியும் வண்டி ஓடிய வேகத்தில் நடுக்கம் தொடர்ந்தது.

"என்ஜினும் இல்ல, சக்கரமும் இல்ல. நிப்பாட்டுங்க" என்றார் மைதீன் பாய். சாலையோரத்தில் வண்டிக்கு அடியில் புகுந்தார். சற்று நேரத்தில் குரல் வந்தது. "ஷாப்டு ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கு. அண்ணாச்சி, பூசைக்குப் பொட்டு வச்சியளே, என் சுண்ணாம்புக் கோட்டு மேலயா வச்சிய?"

அந்த மேட்டுக்குக் கீழே ஓடும் ஷாப்டைக் கழற்றும் முன் அதன் இரண்டு துண்டிலும் பாய் கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டுக்குக் கோடு சேர்த்துத்தான் மாட்ட வேண்டும்; ஒரு பல் பிசகினாலும் வேகத்தில் வண்டி நடுங்கும். பூசையன்று பட்டறையில் கழற்றிக் கிடந்த எல்லாவற்றையும் அண்ணாச்சி கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கோடு இருந்த இடத்தில்தான் பொட்டு இருக்கிறது என்று எண்ணி, பாய் பொட்டுக்குப் பொட்டு சேர்த்து மாட்டிவிட்டார்.

"பட்டறைக்காரன் இதைப் பார்க்க வேண்டாமா?" என்று டாக்டர் பாயிடம் கோபமாகத் திரும்பினார்.

"பாயைச் சொல்லாதிய அய்யா" என்றார் அண்ணாச்சி. "மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுனது நான். கோடு கிடந்ததைப் பாத்தேன், அழுக்குன்னு தொடச்சிட்டேன். பொட்டு வச்சதும் நான்தான்."

அவரை யாரும் கேட்கவில்லை. அவர் வேலை இன்னும் முடிவாகவும் இல்லை.

டாக்டர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "கையில நடுக்கம் இல்லை. பக்திதான் கொஞ்சம் கூடிப்போச்சு. அடுத்த வருஷம் சாவிக்கு மட்டும் பொட்டு வை" என்றார். பாய் வண்டிக்கு அடியிலிருந்தே சிரித்தார். அன்று சாயங்காலம் ஷாப்டைச் சரியாக மாட்டி ஐம்பத்தைந்தில் ஓட்டிப் பார்த்தார்கள். செங்கோட்டை வாலிபனுக்கு வர வேண்டாம் என்று ஆள் போயிற்று. நோயில் விழும்வரை அந்தக் காரை அண்ணாச்சிதான் ஓட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் டாக்டர் என்னைப் பாராட்டினார். "அன்னைக்குக் கவனிக்கலைன்னாலும் இன்னைக்கு இடத்தைச் சொல்லிட்டியே, கெட்டிக்காரி." நான் தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி காதிலும் அது விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, யாரிடமும் எப்போதும் சொல்லவில்லை.

தன் பிழையை, பிறர் கேட்கும் முன் சொல்லிவிடும் அந்தக் குணத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய்யாகிவிடும். இத்தனை வருடமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுதான் எடுத்துக்கொள்கிறேன். டாக்டர் இதைப் படிப்பார். சார், முதல் நாளே வண்டி ஆடியது. நான் கவனித்திருந்தேன்.