தோல் சக்கரத்தின் ஒட்டு

தச்சரின் கைகள் பசையைத் தடவிக்கொண்டிருந்தன. ஒட்டுப்பலகை வட்டங்கள் மூன்றைச் சேர்த்து ஒட்டி, மோட்டாரில் சுற்றவிட்டே விளிம்பைச் சீராக்கியாயிற்று. இனி விளிம்பைச் சுற்றித் தோல் பட்டை. அதில் மெருகு மாவைப் பூசிவிட்டால், தீட்டிய உளியின் வாயில் மயிரிழைப் பிசிறுகூட நிற்காது. ஆனால் உள்ளங்கை வியர்த்துத் தோல் வழுக்கியது. தச்சர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் செய்து கொடுத்த சக்கரத்தில்தான் மச்சானின் இடது கை இரண்டு விரல்நுனிகளை இழந்தது. மச்சான், மனைவியின் அண்ணன். மரத்தில் பூவும் கொடியும் செதுக்குகிறவர். கை வழுக்கிவிட்டது என்று அவரே சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். தச்சரும் நம்பத்தான் பார்த்தார். ஆனாலும் அதற்குப்பின் தனக்கென்றுகூட ஒரு சக்கரம் செய்யவில்லை. இப்போது மச்சானுக்கு மணிக்கட்டு வலி. தோல் பலகையில் உளியைத் தேய்க்க முடியவில்லை என்று இன்னொன்று கேட்டிருந்தார்.

"இன்னும் எட்டு முழுசா இருக்கு, மாப்பிள்ளை. தைரியமா செய்ங்க."

கேட்ட அன்று மச்சான் சிரித்துக்கொண்டேதான் இப்படிச் சொன்னார்.

மறுநாள் பசை காய்ந்ததும், எப்போதும்போல் சக்கரத்தின் நல்ல முகத்தை வெளியே வைத்து மோட்டாரில் மாட்டினார். உளியைத் தொடப் பயம். ஒரு மரச்சிம்பை உளிபோலச் சீவி, சக்கரம் சுற்றும் பக்கமாகவே வாயைக் காட்டி, மெதுவாக வைத்தார். முதலில் வழுவழுவென்று ஓடியது. திடீரென்று வெடுக்கென்று பறித்துச் சுவரில் அடித்தது.

மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். பட்டையின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருந்த இடத்தில், மேல்முனை உதடுபோல் பிளந்து எழும்பியிருந்தது. சுற்றும்போது அந்த உதடுதான் முன்னால் வந்து மோதியிருக்கிறது. அவர் பட்டையை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துத்தான் ஒட்டுவார்; அழகான முகத்தைத்தான் வெளியே மாட்டுவார். ஆறு வருஷத்துக்கு முன் மச்சானுக்குச் செய்தபோதும் அப்படித்தான் செய்தார்.

அப்படியே மரத்தூள்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு வந்த மனைவி சக்கரத்தைப் பார்த்தாள். "திருப்பி மாட்டினா சரியாயிடுமே?"

"யாராவது மறுபடியும் மாத்தி மாட்டினா?"

"அப்ப பிச்சுப் போடுங்க. அதுக்கு எதுக்கு முகம் இப்படி வெளிறிக் கிடக்கு?"

அவர் எழுந்தார். தோலை உரித்தார். புதுப்பட்டையின் முனைகளைக் குறுக்கே சாய்வாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், முனையோடு முனை முட்டச் சேர்த்தார். மூன்று நாள் காயவிட்டார். நகத்தால் ஒட்டை இப்படியும் அப்படியும் வருடிப் பார்த்தார். எந்தப் பக்கமும் தட்டவில்லை. மரச்சிம்பு ஓடியது, பிறகு உளியும் ஓடியது. சக்கரத்தை இரு முகமும் மாற்றி மாட்டிப் பார்த்தார். பயம் மட்டும் இறங்கவில்லை. அது இப்போது சக்கரத்தைப் பற்றியதல்ல.

மச்சானின் பட்டறை வாசலில் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"அன்னிக்கு உங்க கை வழுக்கலை, மச்சான். ஒட்டு தப்பு. நான் ஒட்டினது தப்பு."

செதுக்கிக்கொண்டிருந்த உளி நின்றது. மச்சான் தன் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷமா என் கையைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார் மச்சான். பிறகு, "இந்த ஒட்டு?"

"உங்க நகத்தாலயே தடவிப் பாருங்க."

மச்சான் இரு கையையும் நீட்டினார். தச்சர் சக்கரத்தை அதில் வைத்தார்.