அண்ணாவுக்கென்று எடுத்துவைத்த பால்

எங்கள் அண்ணா முள்ளியவளையில், வயல் செய்து வாழ்ந்த எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இன்று, வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இந்தச் சிறு மலரைக் கையளிக்கிறோம். நினைவு மலர்களில் எல்லோரும் குறையில்லாதவர்களாகவே இருப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதி, அண்ணாவின் மனைவியான மச்சாளிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"பாலைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே?" என்றார்.

"அதை ஏன் மச்சாள்? வாற சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கட்டும். அவரோட வேலை செய்த பெடியளும் வருவினம். அவை இப்பவும் அதை நம்பிக் குடிச்சுக்கொண்டுதான் இருக்கினம். எழுதும்."

ஆகவே முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணாவுக்குப் படிப்பு சுமாராகத்தான் வந்தது. வந்ததையும் போர் முடித்துவைத்தது. இடம்பெயர்ந்து ஓடிய வழியிலேயே அப்பாவை இழந்தோம். செட்டிகுளம் முகாமில் அம்மாவையும் என்னையும் பார்த்துக்கொண்டவர் அண்ணாதான். அவருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். தண்ணீர் வரிசையில் யாரோடாவது சண்டை பிடித்தாவது எங்களுக்கு ஒரு வாளி கொண்டுவந்துவிடுவார். பிறகு சண்டை பிடித்தவரின் வாளியையும் தூக்கிக்கொண்டுபோய் அவர் கூடாரத்தில் கொடுத்துவிட்டு வருவார். அம்மா காலமாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்.

மீள்குடியேறிய காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் வீடு கட்டினார்கள். வீட்டுக்குக் கேற் வேண்டும், ஜன்னலுக்குக் கிறில் வேண்டும், கூரைக்கு இரும்புச் சட்டம் வேண்டும். தர்மபுரத்தில் வீதியோரம் இருந்த ஒரு வெல்டிங் கடையில் அண்ணா கூலியாகச் சேர்ந்தார். குழாய் தூக்கினார், துருத் தேய்த்தார், அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். பிறகு ஒட்டவும் பழகினார். ஆனால் கடைசிவரை அவர் நாட்கூலிதான். வேலைக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. அந்த ஊரிலேயே மச்சாளைக் கைப்பிடித்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

தண்ணீர்த் தாங்கி வைக்கும் உயர்ந்த நிலைகளை எல்லோரும் செய்விக்கத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. அவற்றை நாகம் என்னும் துத்தநாகம் பூசிய குழாயில்தான் செய்வார்கள், துருப்பிடிக்காது. அந்தக் குழாயை ஒட்டும்போது பூச்சு எரிந்து வெள்ளைப் புகை எழும். வாய்க்குள் இனிப்பது போல இருக்கும் என்று அண்ணா சொல்வார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும். விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல எழும்பி வேலைக்குப் போவார். மச்சாள் மலேரியா என்று பயந்து அவரை இழுத்துக்கொண்டுபோய் இரத்தம் சோதித்தார். அதில் ஒன்றும் இல்லை.

கடையில் உள்ளவர்கள்தான் மருந்து சொன்னார்கள். பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருடைய நம்பிக்கை. முதலாளியும் அந்தக் குழாய் ஒட்டும் நாட்களில் எல்லோருக்கும் பால் வாங்கிக் கொடுப்பார். வஞ்சகமில்லாமல்தான் கொடுத்தார். தானும் அதே பாலைக் குடித்துவிட்டு அதே புகைக்குள் நின்றார்.

கடையில் கொடுப்பது மச்சாளுக்குப் போதவில்லை. வீட்டிலும் பால் வேண்டும் என்றார். என்னிடம் நின்ற, இன்னும் குட்டி ஈனாத ஒரு மறியாட்டைக் கொடுத்தேன். அண்ணா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோனார். கொண்டக்டர் சத்தம் போட்டதற்கு, "இது ஆடில்லைத் தம்பி, மருந்து. கொஞ்சம் பொறும்" என்றாராம்.

அந்த ஆடு குட்டி ஈன்று பால் தந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். பால் அண்ணாவுக்கு மட்டும். பிள்ளைகளுக்குப் பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி. மகள் ஆசைப்பட்டுக் கேட்டால், "அது அப்பான்ர பால், தொடக்கூடாது" என்பார் மச்சாள். காலையில் ஒரு பேணி பாலோடு சைக்கிளுக்குக் குறுக்கே நிற்பார். அண்ணா குடித்து முடித்து, பேணியைக் கவிழ்த்துக் காட்டினால்தான் வழி விடுவார். மழையோ காய்ச்சலோ, இது தவறவில்லை. மச்சாள் புருசனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். முகத்துக்கு ஒரு பழைய சாரத் துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணா ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு இருமல் வந்தது. சைக்கிளை மிதித்துப் போனவர் உருட்டிக்கொண்டு போனார். கிளினிக்குக்குத் தனியாகவே போய்வந்தார். கூட வருகிறேன் என்றால் கோபிப்பார். ஒரு நாள் கடையிலேயே மூச்சு முட்டி விழுந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். வாட்டில் டொக்டர் என்ன வேலை, எத்தனை காலம் என்று விசாரித்தார். மச்சாள் முந்திக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் பால் குடுக்கிறனான் டொக்டர். ஒரு நாளும் விடேல்லை."

டொக்டர் தன்மையாகத்தான் சொன்னார். "அம்மா, பால் வயித்துக்குத்தான் போகும். புகை போனது நெஞ்சுக்குள்ள."

மச்சாள் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓம். கிளினிக்கில சொன்னவை."

"பிறகேன் குடிச்சனீங்கள்?"

அண்ணா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "குடிக்காட்டில் நீர் என்னை வேலைக்கு விட்டிருப்பீரோ?"

அன்று முழுவதும் மச்சாள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்கும் அண்ணாமேல் கோபம்தான். ஓராண்டாகியும் ஆறவில்லை. வேறு வேலை பார்த்திருக்கலாம் என்று சொல்வது சுகம். படிப்பைப் போரில் விட்டவருக்கு அப்போது எங்கள் ஊர்களில் வேறு எந்த வேலை இருந்தது?

வீட்டுக்கு வந்தபின் அண்ணாவால் படுக்க முடியவில்லை. கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். மச்சாள் அவருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்; ஆட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. உதவிக்கு வந்து தங்கியிருந்த நான்தான் கறந்தேன். பிள்ளைகளுக்குப் பால்தேத்தண்ணி கிடைத்தது அப்போதுதான். மகள் அதைத் தொடவே இல்லை. மாரி மழை தொடங்கிய ஒரு மத்தியானம், அதே கதிரையில், மச்சாளின் தோளில் சாய்ந்தபடி அண்ணாவின் மூச்சு அடங்கியது.

கடையைப் பூட்டிவிட்டு வந்து அண்ணாவைத் தோளில் சுமந்த வேலைத் தோழர்களுக்கும், கண்ணீரோடு வாசலில் நின்ற முதலாளிக்கும், வாட்டில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டுச் சோறு சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பிமாரே, பாலை விடுங்கள் என்று சொல்லவில்லை. குடியுங்கள். ஆனால் அதை நம்பி அந்தப் புகைக்குள் தலையைக் கொடுக்காதீர்கள். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். நல்ல முகமூடி தரும்படி வாய் திறந்து கேளுங்கள். இது மச்சாள் சொல்லச் சொன்னது.

கடைசி நன்றி மச்சாளுக்கு. காடாற்று அன்று, சாம்பலில் தெளிப்பதற்குப் பால் வேண்டும் என்று சுடலைக்குப் போகிறவர்கள் கேட்டார்கள். மச்சாள் முன்னால் அந்த ஆட்டின் பேச்சை எடுக்க எனக்குத் துணிவில்லை. கடையில் பைக்கற் பால் வாங்கிவரும்படி ஒருவரை அனுப்பினேன். அறைக்குள் சுருண்டு கிடந்த மச்சாள் அதைக் கேட்டு எழும்பி வந்தார்.

"கடைப்பால் வேண்டாம்," என்றார்.

ஒரு செம்பை எடுத்துக்கொண்டு நேரே ஆட்டுக்கொட்டிலுக்குப் போனார். வாட்டில் டொக்டர் சொன்ன அந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த ஆட்டில் கை வைத்தார். கறந்து முடித்து, ஈர வேட்டியோடு நின்ற மகனின் கைகளில் செம்பைக் கொடுத்தார்.

"இந்தா, அப்பான்ர பால். இண்டைக்காவது என்னை ஏமாத்தாமல் குடிக்கச் சொல்லு."

தங்கை,
முள்ளியவளை