மானாம்பதியில் எலிசபெத் ராணியின் கிரீடம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை உத்திரமேரூர் பக்கம் போனேன். எதற்கு? இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியைத் தெருக்கூத்தில் பார்க்க! அந்த நாட்டு வரலாற்றைக் கல்லூரியில் பதினோரு வருடமாக நடத்துகிறேன். மானாம்பதியில் ஒரு பள்ளி விழாவுக்காக உள்ளூர் ஜமா, அதாவது கூத்துக் குழு, கதை கேட்டது. எழுதிக் கொடுத்தவள் நான். முதல் நாள் தூக்கம் வருமா எனக்கு?

தாம்பரத்தில் காலை 5.40க்கு பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, 8.10க்கு உத்திரமேரூர். டிக்கெட் மொத்தம் 62 ரூபாய். இட்லி, வடகறி 50 ரூபாய். குடவோலைக் கல்வெட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சோழர் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டி வைத்துவிட்டார்கள். எலிசபெத்தோ தனக்குப் பின் யார் என்று கடைசிவரை வாயே திறக்கவில்லை.

அங்கிருந்து மானாம்பதிக்கு ஆட்டோ, 220 ரூபாய். ஓட்டி வந்த தேவன்தான் ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸாக ஆடப் போகிறவர்! கடைசிக் காட்சியில் மட்டும் வரும் சின்ன வேஷம், கிரீடம்கூடக் கிடையாது. தன் பாட்டு மட்டும்தான் அவருக்குத் தெரியும், வழியெல்லாம் முழுக் கதையும் சொன்னேன். ராணிக்குப் பிள்ளை இல்லை. அமைச்சர் ஜேம்ஸுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதுகிறார். அந்த ஜேம்ஸின் அம்மாவையே ராணி முன்பு சிரச்சேதம் செய்திருக்கிறாள். தேவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"இன்னா மேடம், எங்க கத மாதிரியே கீது! எங்கப்பாவ ஜமாவுலேர்ந்து தொரத்துனதே எங்க வாத்தியாருதான்."

வாத்தியார் ஏழுமலைதான் ஜமாவின் தலைவர், இன்றைக்கு எலிசபெத்தும் அவரே. முட்டி போய்விட்டது, இதுதான் அவருடைய கடைசி ஆட்டமாம். இனிமேல் ராஜா வேஷம் யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. தாமல் ஊர் ஜமா ராஜா வேஷத்துக்குத் தேவனைக் கூப்பிட்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போவ மனசே இல்ல மேடம். ஆனா எத்தினி நாளு சேவகனாவே ஆடிக்கினு இருக்கறது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? ஒப்பனை போட்டுக்கொண்டிருந்த வாத்தியாரிடம் நேரே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை.

"அரிதாரம் பூசிக்கினு கீறப்ப பேசக்கூடாதும்மா."

ஐயோ, காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வெளியே ஓடி வந்துவிட்டேன்.

பள்ளி விழா என்பதால் காலை பதினோரு மணிக்கே ஆட்டம். அடேயப்பா, மிருதங்கமும் தாளமும் முழங்க லண்டன் அரண்மனையே மானாம்பதிக்கு வந்துவிட்டது! கடைசிக் காட்சியில் ராணிக்குப் பேச்சு நின்றுவிடும். ஜேம்ஸின் பெயரைச் சொன்னதும் தலையைச் சுற்றி விரலால் கிரீடம்போல வட்டம் போட்டாள் என்பார்கள், அதைத்தான் எழுதியிருந்தேன். வாத்தியாரும் போட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கை மெதுவாகத் தாடைக்கு இறங்கி, கிரீடத்தின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது. மங்களம் பாடும்வரை கட்டிய கிரீடத்தைக் கழற்றக் கூடாது என்பது இந்த ஜமாவின் கட்டுப்பாடு. தாளம் சட்டென்று நின்றது.

"வாத்தியாரே, கயட்டாதீங்க!" என்று கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் பதறினான்.

வாத்தியார் காதிலேயே வாங்கவில்லை. "இன்னாடா பாத்துக்கினு கீற ஜேம்சு? ஸ்காட்லாந்துலேர்ந்து இம்மாந்தூரம் வந்துட்டு அங்கியே நின்னா எப்டி? தலைய குனி."

கிரீடத்தைத் தேவன் தலையில் தன் கையாலேயே கட்டிவிட்டார். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கப்பனுக்குக் கட்டியிருக்கணும்டா" என்றார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். நான் அழுதுகொண்டே கை தட்டினேன், வெட்கமே இல்லை.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர் அவசியம். ஆட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள், மதியத்தில் டவுன் பஸ் குறைவு. கல்வெட்டைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். எழுதி வைத்த முறை நல்லதுதான், ஆனால் மனசு வைத்துக் கொடுப்பதைப் பார்த்தது எனக்கு இதுவே முதல் தடவை.

திரும்பும்போதும் தேவன்தான் ஓட்டினார், முகச் சாயத்தைக்கூடக் கலைக்கவில்லை. பாதி வழியில் தாமலிலிருந்து போன். எடுத்துப் பின்னால் என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம், ராசா வண்டி ஓட்டிக்கினு கீறாருன்னு!"