மாதம் எண்பது மணித்தியாலம்

என் தங்கை வசந்தியின் நோயை ஒரு தோடுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. எல்லைக்கு அப்பால், அமெரிக்க மாநிலமொன்றில் இருப்பவள், ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். தோட்டின் பின்புறத் திருகுச் சுரையைக் கழற்றித் தரும்படி கேட்டாள். விரல்கள் வீங்கியிருந்தன.

முடக்குவாதம் (உடலின் காவற்படையே சொந்த மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் அவளுடைய வைத்தியர். கிழமைக்கு ஒரு ஊசி. வருமானம் குறைந்தோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி அதை ஏற்றது. வலி அடங்கியது. குணமாகிவிட்டாள் என்று நான் முடிவுசெய்தேன்.

பிறகு அந்த மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது. காப்புறுதி வேண்டுமானால் மாதம் எண்பது மணித்தியாலம் வேலையோ தொண்டோ செய்ததாகக் காட்டவேண்டும். வேலைக்கு விரல் வேண்டும், விரலுக்கு ஊசி வேண்டும், ஊசிக்கு வேலை வேண்டும். ரொறன்ரோவில் உதவிப்பண அலுவலகமொன்றில் முப்பது ஆண்டுகள் படிவங்களோடு வாழ்ந்தவன் நான். இவ்வளவு நேர்த்தியான வட்டத்தை நாங்கள்கூட வரைந்ததில்லை.

உடுப்புக் கடையில் அவளுக்கு ஐம்பது மணித்தியாலம் இருந்தது. மீதிக்கு நான் வழி சொன்னேன்: அவள் ஊர் அம்மன் கோயிலில் வழக்கமாக மாலை கட்டுவதும் தொண்டுதான்.

"அம்மாளுக்குக் கட்டினதையும் மணித்தியாலத்திலை எழுதச் சொல்லுறியளோ, அண்ணை?"

"அம்மாளாச்சி ஒப்பம் வைக்கத் தேவையில்லை. கோயில் செயலாளர் வைச்சால் காணும்."

"பென்சன் எடுத்தும் நீங்கள் ஒஃபீஸை விடேல்லை."

சிரித்தாள், எழுதவில்லை. பக்தி என்று நினைத்து விட்டுவிட்டேன். காப்புறுதி நின்றது. ஊசியும் நின்றது.

நாலு மாதம் கழித்து வந்தவளை ஸ்காபரோவில் ஒரு தமிழ் வைத்தியரிடம் கூட்டிப்போனேன்.

"கையைப் பொத்துங்கோ, அன்ரி."

விரல்கள் பாதியில் நின்றன.

"இந்தக் கையாலை என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"கோயிலிலை மாலை கட்டுறவ," என்று நான் முந்திக்கொண்டேன்.

வசந்தி நிலத்தைப் பார்த்தாள். "தைப்பூசத்தோடை விட்டிட்டன், அண்ணை. நூல் பிடிபடேல்லை. சும்மா போய் இருந்திட்டு வாறனான்."

அந்தத் தைப்பூசம் விதி வருவதற்கும் முந்தியது. செய்யாத தொண்டை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இயலவில்லை என்று சொல்ல வெட்கம். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு (வைத்தியரின் ஒருபக்கக் கடிதம் போதும்). அது படிவத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். "உன்னாலை கட்ட ஏலுதோ?" என்று கேட்கத்தான் தெரியவில்லை.

கடிதம் அனுப்பினோம். பதில் வருமுன் விதியே நீக்கப்பட்டது. அதை அறிவித்த தாளில் வருத்தம் தெரிவிக்க ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. காப்புறுதி திரும்பியது, ஊசி திரும்பியது, வீக்கம் வற்றியது. சாய்ந்துவிட்ட மூட்டுகள் இனி நிமிரா என்றார் வைத்தியர்.

இந்நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களே, "சுகமோ?" என்று கேட்காதீர்கள். "ஓம்" என்றுதான் பதில் வரும். இன்று எதைத் தூக்க முடியவில்லை என்று கேளுங்கள்.

நான் கேட்டேன்.

"தேத்தண்ணிக் கோப்பை. பத்து மணிக்குத்தான் என்ரை கை விடியுது, அண்ணை."

ஆறு மணிக்கே விழித்துவிடுபவன் நான். இப்போதெல்லாம் பத்து மணிவரை காத்திருந்தே அவளைத் தொலைபேசியில் அழைக்கிறேன். அதன் பிறகும், அவள் விரல்கள் அதை எடுக்குமுன் மணி பலமுறை அடிக்கும். நான் வைத்துவிடுவதில்லை.