கிரகணத்தின் மேல் போட்ட பழி

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில், சுயம்புலிங்கத்தைத் தெரியாத வாடிக்கையாளர்கள் குறைவு. பதினேழு வயதில் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பிரித்துப் போட்ட சேலைகளை மறுபடி மடித்து அடுக்கும் வேலையில் சேர்ந்தவர். இப்போது நாற்பத்தைந்து வயது. படியேறி வருகிறவர்கள் கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்களா, சும்மா விலை கேட்டுப் போக வந்தவர்களா என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு சேலையை உதறி விரித்து, பேச்சை மாற்றிவிடுவார்.

வீடு மந்தைவெளியில். மனைவி பொன்செல்வி, அவருடைய சொந்த அக்காள் மகள். கழுத்தில் தாலி ஏறிய பிறகும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். ஒரே மகள் மாளவிகாவுக்கு ஒன்பது வயது. பிறந்த அன்றைக்கே குழந்தையின் தலை சிறிதாக இருந்தது. நாடா வைத்து அளந்த டாக்டர், நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பிறகு உடம்பு வளர்ந்த அளவுக்குத் தலை வளரவில்லை. மூன்று வயதில்தான் நடந்தாள். பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தைகளோடு நின்றுவிட்டது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், கையைப் பிடித்தால் விடமாட்டாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. சுயம்புலிங்கம் கொடுத்தார். "அஞ்சு மாசத்துல, கிரகணத்தன்னைக்குக் காலையில மாடிக்குப் போனா. சொன்னா கேக்கணும்லா?" அதைச் சொன்னதும் கேட்டவர்களின் பார்வை அவரை விட்டுப் பொன்செல்வியின் பக்கம் திரும்பியது. அது அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பொன்செல்வி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் பட்டினி கிடந்து, மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து போய்வந்தாள். ஒன்பது வருஷம். சித்திரை வெயிலில் கால் கொப்புளித்தால் அவர் களிம்பு வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்றும் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளி நெரிசலில், பொன்செல்வி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். மாளவிகா கூட்டத்துக்கு நடுவே அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த கலீமுல்லா கேட்டார்: "யாரு அண்ணாச்சி, இந்தக் கொழந்த?"

"ஊர்லேர்ந்து வந்தவங்க" என்றார் சுயம்புலிங்கம்.

பொன்செல்வியின் காதில் அது விழுந்ததா என்று தெரியாது. மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவே இல்லை.

இந்த வருஷம் ஆனியில் மாளவிகாவுக்கு வலிப்பு வந்தது. நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்ததோடு, மரபணுப் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து, அடையாறில் அந்தப் பரிசோதனையைச் செய்த மையத்தில் டாக்டர் வஜீஹா ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்து, குடும்பத்தைப் படமாக வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சுயம்புலிங்கத்தின் அப்பா அம்மாவில் தொடங்கிய ஒரு கோடு நேராக அவருக்கு வந்தது. இன்னொரு கோடு அக்காள் வழியாகப் பொன்செல்விக்கு வந்தது. இரண்டும் மாளவிகாவின் வட்டத்தில் போய்ச் சேர்ந்தன.

"நம்ம உடம்புல ஒவ்வொரு ஜீனும் ரெண்டு ரெண்டா இருக்கும். அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு" என்றார் டாக்டர். "பாப்பாவுக்குப் பழுதாகியிருக்கறது ஏ.எஸ்.பி.எம்.னு ஒரு ஜீன். கருவுல மூளை செல்லெல்லாம் பிரிஞ்சு பெருகறதுக்கு அது வேணும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. நல்லது ஒண்ணு இருக்கறதால உங்களுக்கு எதுவும் தெரியல. பாப்பாவுக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பழுதானதே வந்திருக்கு. ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு அப்படி வர வாய்ப்பு உண்டு. உங்க தாத்தா பாட்டி காலத்துலேர்ந்தே இது குடும்பத்துல இருந்திருக்கலாம். யார் மேலயும் தப்பு இல்ல."

சுயம்புலிங்கம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சதுரத்தில் பாதியை டாக்டர் கறுப்பாகத் தீட்டியிருந்தார். பொன்செல்வியின் வட்டத்திலும் பாதி கறுப்பு. ஒன்றுக்கொன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பொன்செல்வி மெல்லக் கேட்டாள்: "கிரகணத்தன்னைக்கு நான் மாடிக்குப் போனேன் டாக்டர். அதனால இல்லையா?"

"இல்லவே இல்லம்மா. யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

இப்போது தன் பக்கம் கையைக் காட்டப் போகிறாள் என்று சுயம்புலிங்கம் நினைத்தார்.

"யாரோ சொன்னாங்க" என்றாள் பொன்செல்வி.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. டாக்டரின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "குடும்பத்துல சொந்தத்துக்குள்ள வேற கல்யாணம் பேசினா, முன்னாடியே ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கட்டும். மறக்காம சொல்லிடுங்க."

அப்படி ஒரு கல்யாணம் அப்போது பேசி முடித்திருந்தார்கள். பொன்செல்வியின் தம்பி முத்துகிருஷ்ணனுக்கும், சுயம்புலிங்கத்தின் அண்ணன் சிதம்பரநாதனின் மகள் அனுப்ரியாவுக்கும். ஆட்டோவில் திரும்பும்போது பொன்செல்வி ஒன்றே ஒன்றுதான் பேசினாள். "நீங்கதான் சொல்லணும் மாமா. நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கான்னுதான் நெனைப்பாவ."

"சொல்லுதேன்" என்றார்.

சொல்லவில்லை. அண்ணன் தி.நகரிலேயே பாத்திரக்கடை வைத்திருந்தார். இவர் இரண்டு தடவை அதன் வாசல்வரை போய், எதிரே டீ குடித்துவிட்டுத் திரும்பினார். சொன்னால், இத்தனை வருஷம் நீ சொன்னது என்னவென்று கேட்பார்களே. மூன்றாவது தடவை உள்ளேயே போனார். அண்ணன் மண்டபம், சாப்பாடு என்று சந்தோஷமாகப் பேசினார். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அக்காவும் முத்துகிருஷ்ணனும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பூவும் பழமும் வைத்த தட்டை எடுக்கப் பொன்செல்வி குனிந்தாள். அண்ணன் மனைவி மீனாட்சி சட்டென்று தடுத்தாள்.

"நீ எடுக்காண்டாம் செல்வி. தப்பா நெனைக்காத. கிரகண தோஷம்னு தம்பியே சொல்லியிருக்காவ. நல்ல காரியம் பாரு."

பொன்செல்வி கையை எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழகிப்போனவள் முகம் அது. பெற்ற தாயான அக்காகூட வேறு பக்கம் பார்த்தாள். தன் வாயிலிருந்து போன வார்த்தை ஒன்பது வருஷம் இந்தக் குடும்பத்தில் என்ன வேலை செய்திருக்கிறது என்பதைச் சுயம்புலிங்கம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

எழுந்து நின்றார். சேலை விற்கும்போது வருகிற பேச்சில் ஒரு துளிகூட வரவில்லை.

"மதினி, தோஷம் ஒண்ணும் கெடையாது. நான்தான் அப்படிச் சொன்னேன். அன்னைக்கு மாடித் தொட்டி நெறைஞ்சு வழிஞ்சுது. போய் வால்வ மூடிட்டு வான்னு படுக்கையில கெடந்துக்கிட்டே அவள அனுப்புனதும் நான்தான். அத யாருகிட்டயும் சொல்லல. இப்ப டெஸ்ட் எடுத்தாச்சு. பிள்ளைக்கு வந்தது என் பக்கத்துல பாதி, அவ பக்கத்துல பாதி. ரெண்டும் நம்ம அய்யா அம்மா வழியா வந்தது. அனுப்ரியாவும் முத்துவும் டெஸ்ட் எடுக்காம நாள் குறிக்காதீங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எலே, அய்யாவையே குத்தம் சொல்லுதியா? நிச்சயம் வச்ச வீட்டுல வந்து பேசுத பேச்சா இது?"

"குத்தம் சொல்லல அண்ணே. தெரிஞ்சும் மூணு வாரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். குத்தம் அதுதான்."

அக்கா பொன்செல்வியின் பக்கம் திரும்பினாள். "தொட்டிய மூடப் போனேன்னு நீ ஏம்ளா சொல்லல?"

"கேட்டாத்தானம்மா சொல்ல?" என்றாள் பொன்செல்வி.

அன்றைக்கு யாரும் அங்கே சாப்பிடவில்லை. திரும்புகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் வைத்து, "மன்னிச்சிரு செல்வி" என்றார். கடையில் மகளை யாரோ என்று சொன்னதையும் அப்போதே சொல்லிவிட்டார். மாளவிகா இருவருக்கும் நடுவில் நின்று, போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுது மாமா, அன்னைக்கே" என்றாள் பொன்செல்வி. பிறகு, "பிள்ளைக்கு மாத்திரை நேரம். ஆட்டோ பாருங்க" என்றாள்.

அண்ணன் மூன்று மாதம் பேசவில்லை. அனுப்ரியாதான், யாரையும் கேட்காமல், முத்துகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு போய் இருவருக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அவனிடம் அந்தப் பழுது ஒன்று இருந்தது. அவளிடம் இல்லை. அவர்கள் குழந்தைக்கு இந்தக் குறை வர வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னார். தையில் கல்யாணம் நடந்தது. சிதம்பரநாதன் பத்திரிகையைத் தபாலில்தான் அனுப்பினார்.

சனிக்கிழமை காலைகளில் இப்போது சுயம்புலிங்கம் விடுப்புச் சொல்லிவிட்டு, மகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அதே அடையாறு மையத்துக்குக் கூட்டிப் போகிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட கலீமுல்லாவிடம், அன்றைக்கு வந்த குழந்தை என் மகள்தான் என்றும் சொல்லிவிட்டார். கலீமுல்லா மடித்து முடித்த சேலையைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து மடித்தார். சுயம்புலிங்கத்துக்கு அது இன்னும் மறக்கவில்லை.

போன வாரம் அந்த மையத்தில் காத்திருந்தபோது, புதிதாக வந்த ஒரு இளம் தகப்பன், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டிச் சொன்னான்: "மாசமா இருக்கசொல்ல பப்பாளி துன்னுச்சு சார். வோணாம்னு சொன்னேன், கேக்கல."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பி, டெஸ்ட் எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப அத இன்னொரு தடவ யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார் சுயம்புலிங்கம். நிறுத்திவிட்டிருக்கலாம். நிறுத்தவில்லை. தொட்டி வழிந்ததிலிருந்து பஸ் நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னார். அவன் முகம் சுளித்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

அந்தப் பெண்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "உங்க வூட்டம்மா இன்னா சொன்னாங்க சார்?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் அவர். "இன்னும் ஒண்ணும் சொல்லல."