சட்டென்று விரிந்த வரைபடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றுதான் பினுவின் வீடு. அம்மா ஒச்சம்மாள் தெருவைப் பெருக்கி அவனைப் படிக்க வைத்தாள். எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும், மகன் தன் வீடு பக்கத்திலிருக்கும் வசதியான தோப்பும்படியில் இருப்பதாக ஆபீசில் சொல்லி வைத்தான். பெரிய துரை! பிறந்த இடத்தைச் சொல்ல நாக்கு கூசியது.

2006இல் அந்த ஆபீசுக்கு ஒரு வேலை வந்தது. மட்டாஞ்சேரியில் புதுக் குடிதண்ணீர்க் குழாய் போடுவதற்கான வரைபடம். ஒவ்வொரு வீடும் கோடுகளால் ஆன தனி உருவம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. வரைந்தவன் பினு.

"இனி லாரித் தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு அடிபிடி வேண்டாம்மா. நம்ம வீட்டுக்குள்ளயே பைப்பு வரும்" என்றான்.

ஒச்சம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வரிசை முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வரைபடம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி விரிகிறதா என்று பார்ப்பதும் அவன் வேலைதான். புதிதாக வந்த பிரவுசரில் மடமடவென்று விரிந்தது. படம் பார்ப்பதற்கென்றே இருந்த தனி வியூவரில் கொஞ்சம் திணறியது. குழாய்க் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த பழைய பிரவுசரிலோ, பஜார் கிடங்குகள் வரை ஒழுங்காக வந்து, ஒரு சந்தில் அப்படியே நின்றுவிட்டது. கிடங்கு என்றால் ஒரே பெரிய கட்டம். அந்தச் சந்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், இழுத்துக் கட்டிய சாய்ப்புகள், எல்லாம் எண்ணி மாளாத கோணல் கோடுகள். பழைய பிரவுசருக்கு அது தாங்கவில்லை.

"என்னடா இது, பேன் மொய்க்கறாப்ல?" முதலாளி வெங்கிடேஷ் திரையைத் தட்டினார். "எந்த எடம்?"

என் வீடு சார் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

"தெரியல சார். ஏதோ பழைய ஷெட்டு."

"ஷெட்டுக்கு எதுக்குடா தண்ணி? தூக்கிடு. நாளைக்குக் குழாய்க் கம்பெனிக்காரா முன்னாடி படம் சட்டுனு வரணும்."

தூக்கினான். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டுதான் தூக்கினான். இப்போது மூன்றிலும் படம் ஒரே வேகத்தில் விரிந்தது. வெங்கிடேஷ் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தப் படமே அச்சுக்கும் போனது. சேர்க்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று பினு வாயை மூடிக்கொண்டான், பாவி.

மழை முடிந்ததும் குழி தோண்ட ஆட்கள் வந்தார்கள். சந்து முனை வரை தோண்டிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள். ஒச்சம்மாள் குறுக்கே போய் நின்றாள். சூப்பர்வைசர் படத்தை விரித்துக் காட்டினார்.

"சேச்சி, இவிடெ வீடு ஒண்ணும் இல்லல்லோ."

"இல்லையா? அப்ப நாங்க எங்க கெடக்கோம்? இந்தப் படத்த வரைஞ்சதே எம்மவனாக்கும்!"

உள்ளே போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வரிசையே வாசலில் நின்று பார்த்தது. "சொல்லுடா மோனே. நம்ம வீடு எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டு."

பினுவின் விரல் வெறும் காகிதத்தில் அலைந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறும்மா" என்றான்.

ஒச்சம்மாள் சூப்பர்வைசரிடம் திரும்பினாள். "கேட்டீங்களா? மெஷின் பண்ணின சதி. பெத்த அம்மா இருக்கிற வீட்ட எம்புள்ள அழிப்பானா?"